டிவியைச் சுவரில் மாட்டலாமா? துளை போடும் முன் பார்க்க வேண்டியவை

புது டிவி வந்து இறங்கியதும் வீட்டில் முதலில் கிளம்பும் பேச்சு, "சுவர்ல மாட்டிருவோமா?" என்பதுதான். மாட்டினால் இடம் மிச்சம், பார்க்கவும் அழகு. ஆனால் நம்ம திருநெல்வேலிப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில் சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய வீடும் உண்டு, பெருமாள்புரத்தில் புது அடுக்குமாடியும் உண்டு. பக்கத்து வீட்டில் மாட்டியிருக்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

படி 1: பார்ப்பவர்கள் எங்கே உட்காருகிறார்கள்?

பலர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். திரையின் நடுப்பகுதி கிட்டத்தட்ட கண் மட்டத்தில் இருந்தால்தான் கழுத்து வலிக்காது. சோபாவில் இருப்பவருக்குக் கண் மட்டம் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) பாய் விரித்து உட்காருபவருக்கு இரண்டரை அடிதான். 43 அங்குல டிவியின் உயரம் ஏறக்குறைய 22 அங்குலம். கணக்குப் போட்டால், சோபா வீட்டில் டிவியின் கீழ் விளிம்பு இரண்டரை அடியில் வரும். பாய் விரித்து உட்காரும் வீட்டில் ஒன்றரை அடியில்.

ஒன்றரை அடி உயரத்தில் வைக்க ஒரு தாழ்வான மேசையே போதும். எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்க்கிற வீடென்றால் மேசைதான் என் தேர்வு. சின்னப் பிள்ளைகள் இருந்தால், பிடித்து இழுத்துத் தள்ளிவிடாதபடி டிவியின் பின்பக்கத்தை நாடா போட்டுச் சுவரோடு கட்டிவிடுங்கள்.

மாட்டுவதென்றால் முதலில் ஒரு சோதனை. 43 அங்குல டிவி என்றால், செய்தித்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி 38 அங்குல அகலம், 22 அங்குல உயரத்துக்கு வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் தாத்தா, பாட்டி உட்பட எல்லோரையும் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு நாள் அப்படியே இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் எந்த நேரத்தில் அந்தத் தாள் மேல் விழுகிறது என்பதும் தெரிந்துவிடும். மாட்ட வருபவர் நின்றுகொண்டு தன் கண் மட்டத்தில் பென்சில் கோடு போடுவார். "அண்ணாச்சி, தாள் ஒட்டியிருக்குற இடத்துலதான் வேணும்" என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

படி 2: சுவர் தாங்குமா?

43 அங்குல டிவி ஏழெட்டு கிலோதான் இருக்கும். அந்த எடையைச் செங்கல் சுவர் தாராளமாகத் தாங்கும். சந்தேகம் மற்றச் சுவர்களில்தான். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொப் டொப்' என்று வெற்றாகக் கேட்டால் பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது, அல்லது உள்ளே பொந்து இருக்கிறது.

அடுத்து, பிராக்கெட் (டிவியைச் சுவரில் தாங்கும் இரும்புச் சட்டம்) மறைக்கப்போகும் இடத்தில் சின்னதாக ஒரு துளை போடச் சொல்லி, கீழே காகிதம் பிடித்துத் தூளைப் பாருங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல், கவலை இல்லை. மேல்பூச்சைத் தாண்டிய பிறகும் சாம்பல் நிறத் தூளே வந்து, துளை போடக் கெட்டியாக இருந்தால் காங்கிரீட், அதுவும் நல்லது. போகப் போகச் சட்டென்று டிரில் உள்ளே இறங்கினால் நடுவில் பொந்துள்ள ஹாலோ பிளாக் கல். திருகு பிடிப்பதற்காகத் துளைக்குள் செருகும் சாதாரண பிளக் இதில் பிடிக்காது, பொந்துக்குள் விரிந்து பிடிக்கிற வகை வேண்டும். வெள்ளையாக மாவு போல உதிர்ந்துகொண்டே வந்தால் பழைய சுண்ணாம்புப் பூச்சு. அதைத் தாண்டி உள்ளே இருக்கும் செங்கலைப் பிடிக்கிற அளவுக்கு நீளமான பிளக்கும் திருகும் வேண்டும். செங்கலுக்கு இடையே இருக்கும் சாந்தும் உதிர்ந்தால் மாட்டும் யோசனையையே விட்டுவிடுங்கள். சுவரைக் கெடுத்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

படி 3: ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்)

ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் என்றால் சாரல் காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் உப்பிய சுவர், பின்னால் குளியலறை இருக்கும் சுவர் இரண்டும் வேண்டாம்.

ஆற்றை ஒட்டிய வீடுகளில் கணக்கு மாறும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட இடத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தால், தரையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களானாலும் நான் சுவரில் மாட்டவே சொல்வேன். கொஞ்சம் உயரமாக மாட்டி, கீழ்நோக்கிச் சாயும் பிராக்கெட் போட்டால் கழுத்துக்கும் சிரமம் குறையும்.

படி 4: வயரும் வாடகையும்

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடக் கூடாது. சுவருக்குள் வயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும். துளை போடும்போது மெயினை அணைத்துவிட்டு, டிரில்லுக்குப் பேட்டரியில் ஓடுவதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 5: பிராக்கெட்

டிவியின் பின்னால் உள்ள நான்கு திருகுத் துளைகளின் இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 200-க்கு 200 என்றால் மில்லிமீட்டர் கணக்கு. முன்னால் இழுத்துத் திருப்பும் வகை சுவரை அதிகமாக இழுக்கும். கெட்டியான சுவருக்கு மட்டும் அது சரி. பிராக்கெட்டை முடுக்கியதும், டிவியைத் தூக்கும் முன்பே அதைக் கையால் கீழ்நோக்கி அழுத்தி இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் அன்றைக்கு டிவி மேசையிலேயே இருக்கட்டும்.