கியர் போட்டும் டோசர் நகரவில்லையா?
பெங்களூரில் பழைய டோசர் வாங்கியவர்கள் போனில் முதலில் கேட்பது, "அண்ணே, கியர்பாக்ஸை இறக்கிடலாமா?"

பொறுங்கள். முதலில் கியர்பாக்ஸ் எண்ணெய். டார்க் கன்வர்ட்டர் (torque converter, எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள வண்டியில் பெரும்பாலும் சமதரையில், எண்ணெய் சூடாகி, எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே டிப்ஸ்டிக் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, எண்ணெயைக் குளிரவைக்கும் கூலரைச் சந்தேகியுங்கள். கருகிய வாடையா? கிளட்ச் தட்டு.

அப்புறம் ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. காந்தத்தில் ஒட்டும் துண்டுகள் வந்தால் பல்சக்கரமோ பேரிங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

எல்லா கியரிலும் வழுக்கினால் எண்ணெய் பம்ப், ஸ்ட்ரெய்னர் (வலை வடிகட்டி), எண்ணெய் பிரஷர் பாருங்கள்; ஒரே கியரில் மட்டும் என்றால் அந்த கியருக்கான கிளட்ச்சும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் அதன் சீலும்.

வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் மண் தள்ளச் சொல்லுங்கள். தேய்ந்த சீல் குளிரில் நன்றாகவே இழுக்கும், சூடானதும் படுத்துவிடும். ஓசூர் ரோட்டில் காலை ஏழு மணிக்கு ஓட்டிப் பார்த்து நானே ஏமாந்திருக்கிறேன்.