காய்கறித் தர விதியைத் திரும்பப் பெறும் முறை

பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் வளைந்த வெள்ளரிக்காய் முதல் வகுப்பில் சேராது என்று ஐரோப்பாவில் 1988-இல் ஒரு விதி எழுதப்பட்டது. அது வீம்புக்கு எழுதியதல்ல. காய் நேராக இருந்தால் ஒரு பெட்டியில் எத்தனை அடங்கும் என்று திறக்காமலே சொல்லிவிடலாம். 2009 ஜூலை 1 அன்று இந்த விதியோடு சேர்த்து மொத்தம் 26 காய்கனிகளின் தனி விதிகள் அங்கே நீக்கப்பட்டன. தக்காளி, குடைமிளகாய், லெட்டூஸ், ஆப்பிள் உள்ளிட்ட 10 மட்டும் தனி விதியோடு நின்றன. மற்றவற்றுக்கு ஒரே பொது விதி: காய் முழுதாக, அழுகாமல், சுத்தமாக, பூச்சியில்லாமல் இருக்க வேண்டும் என்பது போன்ற அடிப்படை நிபந்தனைகள் மட்டும்.

இப்படி ஒரு தர விதியை நீக்கும் பொறுப்பு உங்கள் துறைக்கு வந்தால், அறிவிப்பை அரைப் பக்கத்தில் எழுதி முடிக்கலாம். அந்த விதியைச் சுட்டிக்காட்டி வேறு எங்கெல்லாம் என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுவதுதான் பெரிய வேலை. பெரும்பாலான கோளாறுகள் அங்கேதான் முளைக்கின்றன.

முதலில் விதியின் வகையைப் பாருங்கள். அது கட்டாய விதியா, விரும்பியவர் பின்பற்றும் தரமா? சட்டத்திலேயே இருக்கிறதா, சட்டத்தின் கீழ் துறை வெளியிட்டதா? எந்த வழியில் வந்ததோ அந்த வழியில்தான் போக வேண்டும். அரசிதழில் வந்ததைச் சுற்றறிக்கையால் நீக்க முடியாது. அமெரிக்க வேளாண் துறை தன் விருப்பத் தரங்களை உருவாக்க, திருத்த, நிறுத்திவைக்க, முடித்துவைக்க எனத் தனி நடைமுறையே வைத்திருக்கிறது. நிறுத்திவைப்பது என்ற நடுவழியும் அதில் உண்டு என்பதைக் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் அதுவே நல்லது.

அடுத்து, விதி உண்மையிலேயே காலாவதியா என்று சோதியுங்கள். அடையாளங்கள் வெளிப்படையானவை: இப்போது யாரும் பயிரிடாத ரகங்களின் பெயர்கள், வழக்கொழிந்த மரக்கூடையின் அளவுகள், கழுவி நறுக்கி விற்கும் காலத்திலும் தோலின் சிறு தழும்புக்குத் தரக்குறைப்பு. இந்த விதிப்படி பரிசோதகர்கள் கொடுத்த தரச்சான்றுகளின் எண்ணிக்கையைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு மாதவாரியாக எடுங்கள். ஆண்டு மொத்தம் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒரு காய்க்கு வரத்து இரண்டே மாதம்தான் என்றால் எண்ணிக்கை சிறிதாகத்தான் இருக்கும்.

சான்று பூஜ்யமாக இருந்தாலும் விதி செத்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். விற்பவரும் வாங்குபவரும் ‘முதல் தரம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு, பரிசோதகரைக் கூப்பிடாமலே ஆண்டுக்கணக்கில் வியாபாரம் செய்வார்கள். சரக்கு பழுதாகி வந்து வழக்கு எழும் அன்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் தேடுவார்கள். அந்தப் பொருள் நீங்கள் நீக்கப்போகும் பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே தேடல். விதியின் தலைப்பை மட்டும் தேடினால் போதாது. பழைய எண், சுருக்கப் பெயர், ‘முதல் தரம்’ போன்ற தரப்பெயர் ஆகிய மூன்றையும் தேட வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள்: பள்ளி, மருத்துவமனை, ராணுவம், சிறை ஆகியவற்றின் ஒப்பந்தப்புள்ளிகள், பயிர்க் காப்பீட்டில் இழப்பைக் கணக்கிடும் பட்டியல், கிடங்கில் வைத்த சரக்கின் பேரில் தரும் கடன் ஆவணங்கள், தினசரி விலை அறிக்கையின் தலைப்புகள், இறக்குமதி விதிகள். கடைசியில் சொன்னதுதான் அதிகம் தவறும் இடம். அமெரிக்காவின் 1937-ஆம் ஆண்டு வேளாண் சந்தை ஒப்பந்தச் சட்டத்தில் 8இ (8e) என்றொரு பிரிவு உண்டு. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றுக்கு உள்நாட்டில் தர ஆணை நடப்பில் இருந்தால், வெளியிலிருந்து வரும் சரக்கும் அதே தரத்தையோ அதற்கு ஈடானதையோ எட்ட வேண்டும் என்கிறது அது. அடியில் இருக்கும் தர வரையறையை உருவினால் உள்நாட்டு ஆணையும் இறக்குமதி விதியும் ஒன்றாக அந்தரத்தில் தொங்கும்.

கிடைத்ததையெல்லாம் ஒரு அட்டவணையில் போடுங்கள்: எந்த ஆவணம், எந்த வரி, யார் பொறுப்பு, மாற்று வாசகம் என்ன. நான்காவது கட்டம் காலியாக இருக்கும்வரை நீக்கும் தேதியைக் குறிக்காதீர்கள்.

மாற்று என்ன? பெரும்பாலும் ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வெளியிடும் காய்கனித் தரங்களில் பொருந்துவது ஒன்று இருக்கும். ஐரோப்பா 2009-இல் அதைத்தான் செய்தது. அந்தத் தரத்துக்குப் பொருந்தும் சரக்கு பொது விதிக்கும் பொருந்தியதாகக் கொள்ளப்பட்டது. ஆனால் வகுப்புப் பெயர்களை நேருக்கு நேர் பொருத்தாதீர்கள். அந்தத் தரங்களில் வழக்கமாக உயர் வகுப்பில் 5 விழுக்காடு, முதல், இரண்டாம் வகுப்புகளில் 10 விழுக்காடு வரை தரம் குறைந்த காய் கலந்திருக்கலாம். உங்கள் பழைய முதல் தரம் எந்தக் குறையை எவ்வளவு வரை அனுமதித்தது, அதை எண்ணிக்கையில் கணக்கிட்டதா எடையிலா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எது எதற்கு ஈடு என்று சொல்லுங்கள்.

வரைவில் இரண்டு வாசகங்கள் கட்டாயம் வேண்டும். ஒன்று, பழையதைக் காப்பது: ‘இந்த அறிவிப்பு நடப்புக்கு வரும் நாளுக்கு முன் கையெழுத்தான ஒப்பந்தங்களில், அவை முடியும்வரை, நீக்கப்பட்ட விதியில் உள்ள தரப்பெயர்களின் பொருளே செல்லும்.’ இது விடுபட்டால் பாதி வழியில் இருக்கும் சரக்குக்குத் தரமே இல்லாமல் போகும். இரண்டாவது, பூச்சிமருந்து எச்சம், கிருமி, கலப்படம் பற்றிய விதிகள் எதையும் இந்த நீக்கம் தொடாது என்ற ஒரு வரி. பழைய தர விதிகளுக்குள் சில சமயம் பாதுகாப்பு நிபந்தனை ஒன்று ஒளிந்திருக்கும். அதை முன்பே உணவுப் பாதுகாப்பு விதிக்கு மாற்றிவிடுங்கள்.

கருத்துக் கேட்பதற்கு 60 நாள் கொடுங்கள், அதுவும் அறுவடை உச்சத்தில் வேண்டாம். வயலில் இருப்பவர் எழுதமாட்டார். சங்கங்களும் பெரிய கொள்முதல்காரர்களும் மட்டும் எழுதுவார்கள். சிறு உற்பத்தியாளரிடம் நேரில்தான் கேட்க வேண்டும். விதி நீங்கினால் சுமை குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பல சமயம் நடப்பது வேறு: அரசு விலகிய இடத்தில் பெரிய அங்காடிகளின் சொந்த நிபந்தனைகள் வந்து உட்காரும், அவை அரசு விதியைவிடக் கறாராக இருக்கும்.

கட்டாய விதி, அதோடு பிற நாட்டுச் சரக்கையும் தொடுவது என்றால், உலக வணிக அமைப்பின் ‘வணிகத்துக்கான தொழில்நுட்பத் தடைகள்’ பற்றிய உடன்பாட்டையும் பாருங்கள். எந்தச் சூழலுக்காக ஒரு விதி வந்ததோ அது மாறிவிட்டால் விதியை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அதன் 2.3 பிரிவு சொல்கிறது. நீக்குவதற்கான காரணக் குறிப்பில் மேற்கோள் காட்ட இதைவிடப் பொருத்தமான வரி அரிது.

நடப்புக்கு வரும் தேதியை இரண்டு பருவங்களுக்கு நடுவில் வையுங்கள். தரப்பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டிகள் கையிருப்பு எவ்வளவு என்று கேட்டு, அவை தீரும்வரை அவகாசம் கொடுங்கள். துறையின் இணையதளத்திலிருந்து பழைய விதியை அழித்துவிடாதீர்கள். ‘இன்ன தேதி முதல் செல்லாது’ என்று மேலே குறித்து, அதே முகவரியில் விட்டுவையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து ஒரு நீதிமன்றம் கேட்கும்போது அந்தப் பக்கம் தேவைப்படும்.