நாட்டுக் கொடி மாறினால் எமோஜியை மாற்றுவது எப்படி?

கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில் ஹோம்ஸ்டே நடத்தும் அக்காவின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தங்கிப்போனவர்களின் பெயருக்குப் பக்கத்தில் அவரவர் நாட்டுக் கொடி இருக்கும். கோவையில் படிக்கும் சிரியா நாட்டுப் பிள்ளைகள் வந்துபோன பிறகு, அவர்கள் பெயரோடு பழைய கொடி வந்து நின்றது. வீழ்ந்துபோன ஆட்சியின் கொடியை அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் விட்டுவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதை மாற்றிய முறையை இங்கே சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் உலகம் முழுக்க ஒரே எண்ணைத் தரும் முறைதான் யூனிகோடு. அதில் 'சிரியா கொடி' என்று தனிக் குறி கிடையாது. 2010-இல் வந்த யூனிகோடு 6.0, ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கும் 26 சிறப்புக் குறிகளைத் தந்தது. ஐஎஸ்ஓ என்னும் உலகத் தர அமைப்பு ஒரு நாட்டுக்குத் தந்த ஈரெழுத்துக் குறியீட்டை அவற்றால் எழுதினால், போன் அதைக் கொடியாக வரைந்து காட்டுகிறது. கொடி மாறினாலும் குறியீடு அப்படியே இருக்கும். மாறவேண்டியது படம் மட்டும்தான். விண்டோஸ் இந்தக் கொடிகளை வரைவதே இல்லை, வெறும் இரண்டு எழுத்தாகக் காட்டும். அதனால்தான் நம் தளத்தில் டுவிட்டர் உருவாக்கிய டுவெமோஜி என்ற எமோஜிப் படத்தொகுப்பை வைத்திருக்கிறோம். நாம் கை வைக்கப்போவதும் அதில்தான்.

படி 1: கொடி உண்மையிலேயே மாறிவிட்டதா?

அவசரம் வேண்டாம். நான் ஐ.நா. வாசலைப் பார்க்கிறேன். சிரியாவின் புதிய கொடி 2025 மார்ச் 13 அன்று வெளியான அரசியலமைப்புப் பிரகடனத்தில் இடம்பெற்றது, ஏப்ரலில் ஐ.நா.விலும் ஏற்றப்பட்டது. ஆப்கானிஸ்தானில் 2021-இல் ஆட்சி கைமாறியும் ஐ.நா.வில் பழைய மூவண்ணக் கொடிதான் பறக்கிறது. ஆகவே அதைத் தொடாதீர்கள்.

படி 2: கோப்பின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

சிரியாவின் குறியீடு எஸ், ஒய். ஆங்கில வரிசையில் எழுத்து எத்தனையாவதோ, அதோடு 127461-ஐக் கூட்டுங்கள். எஸ் 19-ஆவது, அதனால் 127480. ஒய் 25-ஆவது, 127486. வலைப்பக்கத்தில் 🇸🇾 என்று எழுதினால் கொடிக்கான குறி தயார். டுவெமோஜி கோப்புகளின் பெயர் இதே எண்களின் பதினாறடிமான (ஹெக்ஸ்) வடிவம், நடுவே ஒரு சிறு கோடு. கால்குலேட்டரின் புரோகிராமர் பகுதியில் எண்ணைப் போட்டால் கிடைத்துவிடும்.

படி 3: படத்தைத் திருத்துங்கள்

பழைய கொடியின் எஸ்விஜி படக்கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் திறங்கள். புதிதாக வரையவே வேண்டாம். தொகுப்பில் கிட்டத்தட்ட எல்லாக் கொடிகளுக்கும் ஒரே வெளிவடிவம், மூலைகள் வளைந்திருக்கும்; அதைக் கலைத்தால் வரிசையில் இது மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். மேல்பட்டையின் சிவப்பைப் பச்சையாக்குங்கள். வெள்ளையும் கறுப்பும் அப்படியே இருக்கட்டும். நடுவிலுள்ள இரண்டு பச்சை நட்சத்திரங்களை நீக்கி, மூன்று சிவப்பு நட்சத்திரங்களைச் சம இடைவெளியில் வையுங்கள்.

எமோஜி எழுத்தளவுக்குத்தான் தெரியும். ஆகவே 20 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள். நட்சத்திரங்கள் சிவப்புப் புள்ளியாகக் கலங்கினால் கொஞ்சம் பெரிதாக்குங்கள். அளவுக் கணக்கு இம்மியும் பிசகக் கூடாது என்பதைவிட, பார்த்ததும் இன்ன கொடி என்று தெரிவதுதான் இங்கே முக்கியம்.

படி 4: ஏற்றுங்கள்

அதே பெயரில் சேமித்து, பழைய கோப்பின் மேலேயே ஏற்றுங்கள். பிறகும் பழைய கொடியே தெரிந்தால் பதறாதீர்கள், பிரவுசர் முன்பு சேமித்ததைக் காட்டுகிறது. படத்தின் முகவரிக்குப் பின்னால் ?2 என்று சேர்த்தால் புதிதாக எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நம் மலையில் நெட் இழுத்துக்கொண்டு நிற்கும்போது இந்தச் சின்ன வழி ரொம்பக் கைகொடுக்கும்.

இன்னொன்று. படம் மாறியதும் பழைய பதிவுகளிலுள்ள சிரியா கொடிகளும் சேர்ந்தே மாறிவிடும். 2015-இல் நடந்ததைப் பற்றிய பக்கத்தில் 2025-இன் கொடி நிற்கும். அப்படிப்பட்ட இடங்களில் எமோஜியை எடுத்துவிட்டு, அந்தக் காலத்துக் கொடியைத் தனிப் படமாகப் போடுங்கள்.

டுவெமோஜி படங்களுக்கு சிசி பை 4.0 உரிமம்; மூலத்தைச் சொன்னால் யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம். மூலத்தைக் குறிப்பிட்டு, திருத்தியிருக்கிறீர்கள் என்பதையும் தளத்தின் அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.