சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு முதல்முறை போகிறீர்களா? தோட்டத்திலிருந்து தொடங்குங்கள்

இங்கிலாந்தின் டார்பிஷயரில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது சாட்ஸ்வொர்த். டெவன்ஷயர் பிரபுக்களான கேவண்டிஷ் குடும்பத்தின் வீடு. புதிதாகப் போகிறவர்கள் பலர் நேரே மாளிகைக்குள் நுழைந்து, அறை அறையாகப் பார்த்துக் கால் ஓய்ந்து, 105 ஏக்கர் தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த வரிசை.

1. டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள். மாளிகைக்குப் பிற்பகல் நேரமாகத் தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தில் மூடியிருக்கும் வாரங்கள் உண்டு, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. ஷெஃபீல்டிலிருந்து பேருந்து இருக்கிறது. நடக்கத் தோதான செருப்பு அல்லது ஷூ, மழைக் கோட்டு இரண்டும் கட்டாயம். சுற்றியுள்ள புல்வெளியில் நடக்கக் காசு கிடையாது. இயற்கையாகவே அமைந்த மாதிரி தெரியும் அந்த மேடுபள்ளமும் மரக்கூட்டமும் 1760களில் கேப்பபிலிட்டி பிரவுன் என்ற நிலவடிவமைப்பாளர் திட்டமிட்டு அமைத்தவை.

3. தோட்டத்துக்குள் வந்ததும் மேடேறுங்கள். இங்கே எல்லாம் தண்ணீரின் கதைதான். சரிவில் 24 கட்டங்களாக இறங்குகிறது, 1690களில் தொடங்கிய கல் அருவிப்படி. கட்டங்கள் ஒரே அளவில் இல்லை, அதனால் நீர் விழும் ஓசையும் இடத்துக்கு இடம் மாறும். தண்ணீர் ஓடும் நாளாக இருந்தால் ஓரமாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் காது கொடுங்கள். பழுதுபார்க்கும்போதும் வறட்சியிலும் நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம் கீழே, நீண்ட குளத்தில் எம்பரர் நீரூற்று. ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் வரப்போகிறார் என்று 1844இல் ஜோசப் பாக்ஸ்டன் கட்டியது. மலைமேல் ஓர் ஏரியே வெட்டினார்கள், இரவில் தீப்பந்த வெளிச்சத்திலும் வேலை நடந்தது. பேரரசர் வரவே இல்லை. மோட்டார் எதுவும் கிடையாது. மேலே தேக்கிய நீர் குழாய் வழியாக இறங்கும் வேகத்திலேயே பீறிட்டு எழுகிறது. 90 மீட்டர் உயரம் வரை எழும்பியிருக்கிறது.

4. பாக்ஸ்டன் 1826இல் இங்கே தலைமைத் தோட்டக்காரராக வந்தவர். லண்டனில் 1851 கண்காட்சிக்குப் படிக மாளிகையை வடிவமைத்தவரும் அவரேதான். இங்கே அவர் எழுப்பிய பிரம்மாண்டக் கண்ணாடி வீட்டை 1920இல் இடித்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில் இப்போது செடிவேலிப் புதிர்ப்பாதை இருக்கிறது, அதற்குள் போய் வழி தேடிப் பாருங்கள்.

பாக்ஸ்டன் இங்கே வேறொரு கண்ணாடி வீட்டில் வளர்த்த ஒரு குட்டை வாழை 1835இல் பூத்தது. பிரபுவின் குடும்பப் பெயரையே அதற்கு வைத்தார்கள்: கேவண்டிஷ். நம் தேனிப் பக்கம் விளையும் ஜி9 வாழை அந்த இனம்தான். இது தெரிந்த பிறகு அந்தத் தோட்டம் எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை.

5. ஏதாவது சாப்பிட்டு, கால் ஆறியதும் மாளிகைக்குள் போங்கள். முதலாம் பிரபு 1687 முதல் புதுப்பித்துக் கட்டிய வீடு இது. நுழைந்ததும் ஓவிய மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். மாடியில் இசை அறையின் உள்கதவில் ஒரு வயலின் தொங்கும். கிட்டே போங்கள், ஆனால் தொடாதீர்கள்: அது கதவில் தீட்டிய ஓவியம். அந்தத் தளத்தின் தெற்கு ஜன்னல்கள் வழியே நீண்ட குளம் தெரியும். நீரூற்று எழும்பும் நேரமாக இருந்தால், நீங்கள் காலையில் ஏறிய மேட்டையும் சேர்த்துப் பாருங்கள்.