பாருக்கு மேல் உடையும் அலை: சர்ஃபிங் முன்னறிவிப்பைப் படிப்பது எப்படி?

செயலியைத் திறந்தால் "அலை 1.2 மீட்டர்" என்று காட்டுகிறது. போகலாமா, வேண்டாமா? மணல் கரை என்றால் இந்த ஒரு எண்ணை வைத்து ஓரளவு முடிவெடுத்துவிடலாம். அடியில் பவளமோ பாறையோ கிடக்கும் இடத்தில் அது போதாது. சர்ஃபர்கள் இப்படிப்பட்ட இடத்தை ரீஃப் பிரேக் என்பார்கள். மீனவர் வழக்கில் அது பார். இங்கே விழுந்தால் தாங்குவதற்கு மணல் கிடையாது. அதனால் அலை எவ்வளவு உயரம் என்று கேட்பதற்கு முன்னால், அந்த நேரத்தில் பாருக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கேட்கப் பழக வேண்டும்.

பாரில் ஒரு பெரிய வசதியும் உண்டு. மணல்திட்டு ஒரே புயலில் இடம் மாறிவிடும், பார் மாறாது. அதே திசை, அதே பீரியட் (ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஆகும் நொடிகள்), அதே நீர்மட்டம் அமைந்தால் ஏறக்குறைய அதே அலை திரும்ப வரும். அதனால் முன்னறிவிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ள மணல் கரையைவிடப் பார்தான் நல்ல பள்ளிக்கூடம்.

1. முதலில் பாரைத் தெரிந்துகொள்ளுங்கள்

முன்னறிவிப்பைத் திறக்கும் முன் நான்கு விவரங்களைக் குறித்து வையுங்கள். பார் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது, எந்தக் கோணத்திலிருந்து வரும் அலையைத் தீவோ கடல்முனையோ மறைக்கிறது, மிகவும் ஆழம் குறைந்த திட்டு எது, பக்கத்தில் இருக்கும் ஆழமான வழி, அதாவது சேனல், எங்கே ஓடுகிறது. முதல் இரண்டையும் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம். மூன்றாவது கடல் வரைபடத்தில் கிடைக்கும். அதில் போட்டிருக்கும் ஆழம் மிகத் தாழ்ந்த வற்று மட்டத்திலிருந்து கணக்கிட்டது என்பதை நினைவில் வையுங்கள், நான்காம் படியில் தேவைப்படும். வரைபடம் இல்லாவிட்டால், அலையே இல்லாத ஒரு நாளில் முகக்கண்ணாடி போட்டு நீந்திப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை.

2. ஸ்வெல்: மூன்று எண்களையும் சேர்த்துப் படியுங்கள்

தொலைவில் வீசும் புயல் கிளப்பி விட்டு, பல நூறு கிலோமீட்டர் ஓடி வந்து ஒழுங்கு பெற்ற அலைதான் ஸ்வெல். பக்கத்தில் அடிக்கும் காற்று கிளப்புவது காற்றலை. நல்ல செயலிகள் இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் உயரம், பீரியட், திசை என்று மூன்று எண்கள் இருக்கும்.

உயரம் என்று போட்டிருப்பது ஒரு தனி அலையின் உயரம் அல்ல. அது நடுக்கடலில் வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக் கணக்கிட்ட சராசரி. ஆகவே அதைவிடப் பெரிய அலை வந்தே தீரும். சுமார் 1000 அலைகளில் ஒன்று அந்த எண்ணைப்போல் 1.9 மடங்கு வரை இருக்கும். பீரியட் 10 நொடி என்றால் மூன்று மணி நேரத்துக்குள் 1000 அலைகள் கடந்துவிடும். 1.2 மீட்டர் என்று சொன்ன நாளில் 2.2 மீட்டர் அலை ஒன்று வந்தால் முன்னறிவிப்பு பொய்த்துவிட்டது என்று அர்த்தமில்லை.

பீரியட் என்பது ஒரு முகடு கடந்த பிறகு அடுத்த முகடு வந்து சேர ஆகும் நொடிகள். புதியவர்கள் தாண்டிப் போகும் எண் இதுதான். அடிபடுவதும் பல நேரம் இதனால்தான். ஆழ்கடலில் அலைநீளம் மீட்டரில் வேண்டுமானால், பீரியடை அதே எண்ணால் பெருக்கி மறுபடி 1.56-ஆல் பெருக்குங்கள். 8 நொடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர், 15 நொடி அலைக்கு சுமார் 350 மீட்டர். அலைநீளத்தில் பாதி ஆழம் வரும்போது அலை தரையை உணரத் தொடங்கும். அதாவது 8 நொடி அலைக்கு 50 மீட்டர் ஆழத்திலும், 15 நொடி அலைக்கு 175 மீட்டர் ஆழத்திலும் தரை தட்டுப்படத் தொடங்குகிறது. நீண்ட பீரியட் அலை அவ்வளவு தொலைவிலிருந்தே வளைந்து, குவிந்து, பாரின் மேல் வந்து எழும்புகிறது.

உடையும்போது எவ்வளவு உயரும் என்பதற்குக் கடற்கரைப் பொறியியலில் ஒரு சூத்திரம் உண்டு. அதில் போட்டுப் பார்த்தால் கிடைப்பது இது:

- 0.8 மீட்டர், 10 நொடி: உடையும் உயரம் சுமார் 1.3 மீட்டர்
- 1.2 மீட்டர், 9 நொடி: சுமார் 1.7 மீட்டர்
- 1.2 மீட்டர், 15 நொடி: சுமார் 2.1 மீட்டர்

கடைசி இரண்டு வரிகளிலும் செயலி காட்டும் உயரம் ஒன்றுதான். பார் அலையைக் குவிக்கும் வடிவில் இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். பாரில் முதல் சில மாதங்களுக்கு 12 நொடிக்கு மேற்பட்ட ஸ்வெல்லை, உயரம் எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும், கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில செயலிகள் சராசரி பீரியடைக் காட்டும், சில உச்ச பீரியடை, அதாவது அதிக ஆற்றலோடு வரும் அலைகளின் பீரியடைக் காட்டும். காற்றலை கலந்திருந்தால் சராசரி குறைந்துவிடும், உள்ளே 15 நொடி ஸ்வெல் ஒளிந்திருப்பது தெரியாது. உச்ச பீரியடைப் பாருங்கள். அது இல்லையென்றால் ஸ்வெல் வரிகளைத் தனித்தனியாகப் படியுங்கள். இரண்டு ஸ்வெல்கள் ஒரே நேரத்தில் வந்தால் உயரங்களை நேரடியாகக் கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 1.0 மீட்டரும் 0.6 மீட்டரும் சேர்ந்தால் 1.6 அல்ல, சுமார் 1.17.

திசை என்பது அலை எங்கிருந்து வருகிறது என்பதைக் குறிக்கும். காற்றுக்கும் அப்படியே. 200 பாகை என்றால் தெற்கிலிருந்து சற்று மேற்கே தள்ளிய திசையிலிருந்து வருகிறது. தீவோ கடல்முனையோ மறைக்காத திறப்புக்குள் அந்தக் கோணம் விழவில்லையென்றால், குறுகிய பீரியட் அலை பாருக்கு வந்தே சேராது. நீண்ட பீரியட் அலை முனையைச் சுற்றி வளைந்து வந்துவிடக்கூடும்.

3. எப்போது வந்து சேரும்?

பீரியடை 2.8-ஆல் பெருக்கினால் ஸ்வெல் கூட்டம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நகர்கிறது என்று கிடைக்கும். 15 நொடி ஸ்வெல் மணிக்கு 42 கிலோமீட்டர் ஓடும், 10 நொடி ஸ்வெல் 28. புயல் 2000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் முன்னது இரண்டு நாளில் வந்துவிடும், பின்னதற்கு மூன்று நாள் பிடிக்கும். அதனால் நீண்ட பீரியட் அலைகள்தான் முதலில் தலைகாட்டும். செயலியில் உயரம் 0.4 மீட்டராகவே நிற்க, பீரியட் மட்டும் திடீரென்று 9-லிருந்து 17-க்குத் தாவினால், புது ஸ்வெல்லின் முன்னணி அலைகள் வந்துவிட்டன என்று அர்த்தம். அடுத்த சில மணி நேரத்தில் உயரம் ஏறத் தொடங்கும்.

ஐந்து நாள் கழித்து வரும் ஸ்வெல்லை நம்பலாமா? அதைக் கிளப்பும் புயல் ஏற்கெனவே கடலில் வீசிக்கொண்டிருந்தால் ஓரளவு நம்பலாம். புயலே இன்னும் உருவாகாமல் கணினி மாதிரியில் மட்டும் இருந்தால் அந்த எண்ணை வைத்துப் பயணம் திட்டமிடாதீர்கள். ஜிஎஃப்எஸ் என்ற உலக அளவிலான வானிலைக் கணினி மாதிரி ஒரு நாளில் நான்கு முறை, யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் 0, 6, 12, 18 மணிக்குப் புதிதாக ஓடுகிறது. தொடர்ந்து நான்கைந்து ஓட்டங்கள் ஒரே பதிலைத் தந்தால் நம்பிக்கை கூடும். அட்டவணையில் இருப்பது யுடிசி நேரமா உள்ளூர் நேரமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்னத் தவறில் மொத்தக் கணக்கும் பிசகிவிடும்.

4. ஏற்றமும் வற்றமும்

பாரில் இதுதான் உயிர்நாடி. உங்கள் தலைக்கும் பவளத்துக்கும் நடுவே எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று சொல்வது ஏற்ற வற்ற அட்டவணை ஒன்றே.

அட்டவணையில் உள்ள எண் ஆழம் அல்ல, மட்டம். பாருக்கு மேல் ஆழம் வேண்டுமானால், வரைபடத்தில் போட்ட ஆழத்தோடு அந்த நேரத்து மட்டத்தைக் கூட்ட வேண்டும். சில செயலிகள் சராசரிக் கடல்மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, வற்றத்தின்போது எதிர்மறை எண்ணைக் காட்டும். அந்த எண்ணை வரைபட ஆழத்தோடு அப்படியே கூட்டினால் விடை தவறு.

வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவில் மட்டம் சீராக ஏறாது. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் 1 பங்கு, பிறகு 2, 3, 3, 2, 1 என்று ஏறும். நடு இரண்டு மணியில் மட்டும் பாதித் தண்ணீர் வந்துவிடும், இறங்கும்போதும் அப்படித்தான். "இன்னும் ஒரு அலை" என்று வற்றும் நேரத்தில் நின்றுவிட்டால், பார் முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் இரண்டும் மிகும், அப்போது கூடுதல் கவனம் வேண்டும்.

அலை பொதுவாகத் தன் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். 1.3 மீட்டர் அலை 1.7 மீட்டர் ஆழத்தில் உடையும். செங்குத்தான பார் விளிம்பில் இன்னும் ஆழம் குறைந்த இடத்தில், சுருண்டு விழுந்து உடையும். உடையும் முன் அலை தன் முன்னால் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுப்பதால், கணக்கில் கிடைத்த ஆழத்தைவிடக் குறைவாகவே உங்களுக்கு மிஞ்சும். ஆகவே தொடக்கத்தில், மிக ஆழம் குறைந்த திட்டின் மேல் 1.5 மீட்டர் தண்ணீராவது இருக்கும் நேரத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

5. காற்றும் வானமும்

கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் ஆஃப்ஷோர், கடலிலிருந்து கரைக்கு வீசினால் ஆன்ஷோர். ஆன்ஷோர் வேகம் 10 நாட்டை (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) தாண்டினால் அலையின் முகம் கலைந்து, வெள்ளை நுரை தலைகாட்டும். மெல்லிய ஆஃப்ஷோர் அலை முகத்தை வழவழப்பாக்கும். எல்லாரும் அதை விரும்புவார்கள். ஆனால் அது அலையைத் தாங்கிப் பிடித்து உடைவதைத் தாமதப்படுத்துவதால், அலை இன்னும் ஆழம் குறைந்த இடத்தில், இன்னும் செங்குத்தாக உடையும். 15 நாட் வேகத்துக்கு மேல் ஆஃப்ஷோர் என்றால் போர்டின் முனையைக் காற்று தூக்கிவிடும், தெறிக்கும் நீர் கண்ணை மறைக்கும். தெளிந்த நாட்களில் கடற்காற்று முற்பகலில் எழுந்து பிற்பகலில் வலுக்கும். காலை நேரத்துக்கு மதிப்பு அதனால்தான்.

இடி கேட்டால் உடனே கரைக்கு வாருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை திரும்ப இறங்க வேண்டாம்.

6. ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தெற்கு பார்த்த ஒரு பார். ஆழம் குறைந்த திட்டு வரைபடத்தில் 0.6 மீட்டர். நாளைய முன்னறிவிப்பு: ஸ்வெல் 0.8 மீட்டர், 10 நொடி, 200 பாகை. காலையில் வடகிழக்குக் காற்று 5 நாட், 11 மணிக்குத் தென்காற்று 12 நாட். வற்றம் 6.10-க்கு 0.3 மீட்டர், ஏற்றம் 12.10-க்கு 1.5 மீட்டர்.

வித்தியாசம் 1.2 மீட்டர், ஒரு பங்கு 0.1. அப்படியென்றால் மட்டம் 7.10-க்கு 0.4, 8.10-க்கு 0.6, 9.10-க்கு 0.9, 10.10-க்கு 1.2. திட்டின் 0.6-ஐக் கூட்டினால் 8.10-க்கு ஆழம் 1.2 மீட்டர்தான், காத்திருக்க வேண்டும். 9.10-க்கு 1.5 மீட்டர், இறங்கலாம். 10.10-க்கு 1.8 மீட்டர். உடையும் உயரம் 1.3 என்பதால் சின்ன அலைகள் அதற்குள் உடையாமல் திட்டைக் கடந்து போகத் தொடங்கும், பெரியவை மட்டும் உடையும். 11 மணிக்கு ஆன்ஷோர் வந்து கெடுத்துவிடும். உங்கள் நேரம் 9.10 முதல் 10.30 வரை. ஒரு மணி இருபது நிமிடம்தான், ஆனால் நிம்மதியான நேரம்.

அதே நாளில் ஸ்வெல் மட்டும் 1.2 மீட்டர், 15 நொடி என்று மாறினால்? 2.1 மீட்டர் அலை 2.7 மீட்டர் ஆழத்திலேயே உடையத் தொடங்கி, 1.5 மீட்டர் தண்ணீர் நிற்கும் திட்டின் மேல் உங்களைத் தூக்கிப் போடும். தொடக்கக்காரருக்கு அது இறங்கும் நாள் அல்ல.

7. கரையில் அரை மணி நேரம்

முன்னறிவிப்பு கரைக்கு வரும் வரைதான். இறங்கும் முன் 30 நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். நீண்ட பீரியட் ஸ்வெல்லில் இரண்டு செட்டுகளுக்கு, அதாவது அடுத்தடுத்து வரும் பெரிய அலைக் கூட்டங்களுக்கு, நடுவே 15 நிமிடம் வரை கடல் குளம்போல் கிடக்கும். ஐந்து நிமிடம் மட்டும் பார்த்து "இன்று சின்ன அலை" என்று இறங்குகிறவர்கள் சிக்கிக்கொள்வது இதனால்தான். செட்டில் எத்தனை அலை, எங்கே உடைகிறது, உடையும்போது பார் வெளியே தெரிகிறதா என்று எண்ணிப் பாருங்கள். பார் தெரிந்தால் இறங்காதீர்கள்.

பாரைத் தாண்டி உள்ளே கொட்டும் தண்ணீர் சேனல் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். வெளியே போக அந்த நீரோட்டம் உதவும், திரும்பும்போது அதுவே எதிரி. அலை பெரிதாகும்போதும் வற்றம் இறங்கும்போதும் அது வலுக்கும். எந்த இடத்தில் கரையேறுவது என்று முடிவு செய்த பிறகு இறங்குங்கள். விழும்போது தலைகீழாகப் பாயாமல் உடலைத் தட்டையாகப் பரப்பி விழுங்கள், மேலே வரும்போது கைகளால் தலையை மறைத்துக்கொள்ளுங்கள். பாரில் கால் ஊன்ற நேரும் என்பதால் ரப்பர் காலணி போட்டுக்கொள்ளுங்கள். பவளம் கீறினால் காயத்துக்குள் துகள் தங்கிச் சீழ் பிடிக்கும், சின்னக் கீறலாக இருந்தாலும் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள்.

கரையேறியதும், ஈரம் காயும் முன், ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, இறங்கிய நேரம், ஸ்வெல்லின் மூன்று எண்கள், நீர்மட்டம், காற்று, முன்னறிவிப்புக்கும் கண்ணால் கண்டதற்கும் இருந்த வித்தியாசம். இறங்காமல் திரும்பிய நாளையும் விடாமல் எழுதுங்கள். இருபது பக்கம் நிறையும்போது, உங்கள் பாருக்கு எந்தத் திசையில் எத்தனை நொடி, எந்த மட்டம் பொருந்தும் என்று அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.