ஆழ்கடல் மீன் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் வாட்ஸ்அப் குழுவில் விநோதமான மீன் படம் ஒன்று வந்தால், பின்னாலேயே "சுனாமி வரப்போகிறது, எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்ற செய்தியும் வந்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று பினாங்கிலும் கெடாவிலும் உயிர்கள் போனதை யாரும் மறக்கவில்லை, பயம் நியாயமானதுதான். ஆனால் விசாரிக்காமல் அனுப்பாதீர்கள். அந்தச் சுனாமி கரையில் தள்ளியதாகச் சுற்றிய மீன் படங்கள் பலவும் 2003-லேயே டாஸ்மன் கடல் பக்கம் ஆய்வுக் கப்பலில் எடுக்கப்பட்டவை.

துடுப்பு மீன் என்ற ஆழ்கடல் மீனின் கதையும் அப்படித்தான். பல மீட்டர் நீளம், வெள்ளி உடம்பு, தலையில் சிவப்புக் கொண்டை. இது கரை ஒதுங்கினால் பூமி அதிரும் என்பது ஜப்பானில் பழைய நம்பிக்கை. ஜப்பானிய ஆய்வாளர்களே 336 ஆழ்கடல் மீன் தகவல்களை 221 நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டு 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். பொருந்தியது ஒன்றே ஒன்று! சுனாமி எச்சரிக்கைக்கு மலேசிய வானிலை ஆய்வுத் துறையைப் பாருங்கள்.

அதற்காக, எங்கோ இருட்டில் கிடக்கும் மீனுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைப்பதும் தவறு. விரல் நீள விளக்கு மீன்கள் பகலில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் ஒளிந்திருந்து, இரவில் இரை தேடி மேலே வருகின்றன. டூனா, கணவாய், டால்பின் எல்லாம் அவற்றைத் தின்கின்றன. நாம் டின்னில் வாங்கும் டூனாவுக்குப் பின்னால் அந்த ஆழமும் இருக்கிறது.

சாப்பாட்டில்தான் கூடுதல் கவனம் வேண்டும். எண்ணெய் மீன், எஸ்கோலார் என்று இரண்டு ஆழ்கடல் மீன்கள் உண்டு. வெள்ளைச் சதை, வெண்ணெய் போன்ற ருசி. 2007-இல் ஹாங்காங்கில் எண்ணெய் மீனைக் 'காட்' (cod) என்ற வேறு மீனின் பெயரில் விற்று, வாங்கியவர்கள் வயிற்றுப்போக்கில் தவித்தார்கள். இவற்றின் சதையில் உள்ள மெழுகு நம் குடலில் செரிக்காது, ஆரஞ்சு நிற எண்ணெயாக ஆசனவாய் வழியே தானாகவே கசியும். வறுத்தாலும் குழம்பில் கொதிக்கவிட்டாலும் முழுதாகப் போகாது. மீன் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். புத்தம் புது மீனும் இதைத்தான் செய்யும். உறைந்த மீன் துண்டு வாங்கும்போது, விலை மலிவாக இருந்தால் பாக்கெட்டில் மீனின் பெயரைத் தேடிப் படியுங்கள். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றுக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த இரண்டும் வேண்டவே வேண்டாம்.

பாசாரில் வாங்கும் கெம்போங், தெங்கிரிக்கு இந்தப் பயம் தேவையில்லை. அவை மேல்மட்டக் கடல் மீன்கள்.