தீவாண்ட துரையின் நினைவுக்குறிப்பைப் படிப்பது எப்படி

பென்சில் இல்லாமல் இந்த வகைப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். வறட்டு நடை என்றால் நாமே உஷாராகிவிடுவோம். சுவையாக எழுதுகிறவர்களிடம்தான் ஏமாறுவோம்.

ஆர்தர் கிரிம்பிளிடம் நான் அப்படித்தான் ஏமாந்தேன். 1914இல் பசிபிக் கடலில் பிரிட்டன் ஆண்ட கில்பர்ட், எல்லிஸ் தீவுகளுக்குப் (இன்றைய கிரிபாட்டி, துவாலு) பயிற்சி அதிகாரியாகப் போனவர். 1926 முதல் 1933 வரை அங்கேயே ரெசிடென்ட் கமிஷனர், அதாவது தீவுகளின் தலைமை பிரிட்டிஷ் அதிகாரி. அவருடைய நினைவுக்குறிப்பான ‘எ பேட்டர்ன் ஆஃப் ஐலண்ட்ஸ்’ வெளிவந்தது 1952இல். முதல் வேலையாக இந்தக் கழித்தலை அட்டைக்குள் எழுதுங்கள்: 38 ஆண்டு. அவ்வளவு காலம் கழித்தும் ஓர் உரையாடல் சொல் பிசகாமல் வருகிறதா? ஓரத்தில் கோடு போடுங்கள்.

அப்புறம் ஒரு முறை சும்மா ரசித்துப் படியுங்கள். ஆக்டோபஸ் வேட்டையைத் தவறவிட வேண்டாம். ஒரு பையன் இரையாக நீரில் மூழ்கி ஆக்டோபஸிடம் தன்னைப் பிடிக்கக் கொடுப்பான். இன்னொருவன் பையனையும் ஆக்டோபஸையும் மேலே இழுத்து, அதன் கண்களுக்கு நடுவே கடித்துக் கொல்வான். துரையே ஒரு நாள் இரையாகிறார்! விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாம் வாசிப்பில் அங்கேதான் நிதானம் வேண்டும். தன்னையே கேலி செய்கிற அதிகாரி கையில் கையெழுத்துப் போடும் பேனா இருப்பது நமக்கு மறந்துவிடும்.

‘கவலையற்ற தீவு வாழ்க்கை’ என்ற தொனி வந்தால் பாபாய்க் குழியை நினைத்துக்கொள்ளுங்கள். பாபாய் நம் சேப்பங்கிழங்குக்கு அண்ணன் முறை. பவழ மணலை நன்னீர் ஊறும்வரை தோண்டி, அந்தக் குழியில் வளர்க்கிறார்கள். சும்மா கிடைக்கிற சோறு இல்லை.

கடைசியாக, புத்தகத்துக்கு வெளியே போங்கள். இந்த நூல் அவருடைய தொடக்க ஆண்டுகளோடு நின்றுவிடும். கிரிம்பிள் ஆண்ட தீவுகளில் ஒன்றான பனாபாவில், உரத்துக்கான பாஸ்பேட்டை 1900இலேயே தோண்டத் தொடங்கியிருந்தார்கள். 1928இல் சுரங்கத்துக்குக் கூடுதல் நிலம் கேட்டபோது மக்கள் மறுத்தார்கள். கிரிம்பிள் அங்குள்ள புவாகொனிகாய் கிராமத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒப்பந்தத்துக்கு இணங்காவிட்டால் நிலம் எப்படியும் எடுக்கப்படும் என்ற மிரட்டல் அது. 1970களில் பனாபா மக்கள் லண்டனில் தொடுத்த வழக்கில் அந்தக் கடிதமும் வந்தது. பதில் சொல்ல அவர் இல்லை, 1956இலேயே இறந்துவிட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1945 டிசம்பரில், அந்த மக்களை பிஜியின் ரம்பி தீவில் குடியேற்றினார்கள். வரைபடத்தில் பனாபாவிலிருந்து ரம்பிக்கு ஒரு கோடு இழுங்கள். 2,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். அந்த எண்ணையும் 38க்குக் கீழே எழுதி வையுங்கள்.